ஒரு கட்டுரையும் மூன்று பெயர்களும்



1963ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியிலே பேசிய விலங்கியலறிஞர் ஒருவர், தம்மைப் போன்ற விஞ்ஞானிகளைத் திடுக்கிட வைக்கும் கேள்வியொன்றை எழுப்பினார். விஞ்ஞானக் கட்டுரை என்பது ஒரு மோசடியா என்பதே அக்கேள்வி. கட்டுரைகளிலே பொய்த் தகவல்கள் எழுதப்படுகின்றன என்று அவர் குற்றஞ்சாட்டவில்லை. ஆராய்ச்சி உண்மையில் எவ்வாறு நடந்ததோ அவ்வாறு எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. ஊகமும் தடுமாற்றமும் தற்செயலும் கலந்து வந்த ஒன்றை, முதலில் அவதானிப்பு, பின்னர் முடிவு என்று ஒழுங்குபட்ட நடைபோல் காட்டிவிடுகிறது என்பதே அவர் வாதம். அவர் பெயர் பீற்றர் மெடவார். 1959இல் அதே வானொலியின் றீத் விரிவுரைகளை மனிதனின் எதிர்காலம் என்னும் பொருளில் நிகழ்த்தியவரும் அவரே.

அவரும் அவருடைய தோழர் இருவரும் சேர்ந்து 1953ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆந் தேதி 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையொன்று உண்டு. நான்கு பக்கங்களுக்கு மேற்படாத அக்கட்டுரை, இன்று உலகெங்கும் நடைபெறும் உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் சரித்திரத்தில் ஒரு திருப்பம். நிர்ப்பீடனவியல், அதாவது அந்நியப் பொருள்களை உடல் இனங்கண்டு எதிர்க்கும் வகையை ஆராயும் துறை, அக்கட்டுரையினாலே புதுவழியிற் சென்றது. மெடவாரே சொன்னதுபோல, அக்கட்டுரை சொல்லாமல் விட்டவையும் பல. இன்று அவற்றைப் பார்ப்போம்.

கதை போர்க்காலத்தில் தொடங்குகிறது. மெடவார் 1915இல் பிரேசிலிற் பிறந்தவர். தந்தையார் லெபனானைச் சேர்ந்தவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. ஒக்ஸ்போட்டிலே விலங்கியல் பயின்று அங்கேயே ஆராய்ச்சி செய்துவந்தார். டொக்டர் பட்டத்துக்கு அவருடைய ஆய்வு ஏற்கப்பட்டும் அப்பட்டத்தை அவர் பெறவில்லை. பட்டத்துக்குக் கட்டவேண்டிய பணம் குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டது! 1940இல் ஒரு நாள் அவர் குடும்பத்துடன் வீட்டுத் தோட்டத்தில் இருக்கையில், குண்டுவீச்சு விமானமொன்று தாழப் பறந்துவந்து அண்மையிலேயே விழுந்து வெடித்தது. பகைவர் விமானம் என்றே முதலில் எண்ணினர். அது பிரித்தானிய விமானம். அதில் இருந்த இளைஞர் ஒருவர் மிகக் கொடிய தீக்காயங்களுடன் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். ஏதாவது செய்யமுடியுமா என்று வைத்தியர்கள் மெடவாரிடம் கேட்டனர்.

அக்காலத்தில் தீக்காயத்துக்கு நோயாளியின் உடலிலிருந்தே தோலெடுத்து ஒட்டுவர். உடலின் பெரும்பகுதி வெந்துபோனவருக்கு எங்கிருந்து எடுப்பது? பிறர் தோலை ஒட்டினால் சில நாள்கள் அது வாழும். பின்னர் கருகி உதிர்ந்துவிடும். ஏன் உதிர்கிறது என்பது தெளிவாகவில்லை. இதை ஆராய்வதற்காக மெடவார் கிளாஸ்கோ நகரத்து றோயல் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே தோமஸ் கிப்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணருடன் சேர்ந்து, தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைச் சிறுசிறு துண்டுகளாக ஒட்டினர். அவை அழிந்தன. சிறிது காலத்தின்பின் அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை ஒட்டினர். இம்முறை அழிவு முன்னையிலும் விரைவாக வந்தது.

இந்த 'விரைவாக' என்ற சொல்லில் முழு விஷயமும் அடங்கிவிட்டது. தோல் வெறுமனே பசியாலோ குருதியோட்டம் இன்மையாலோ சாவதாயின், இரண்டாம் முறையும் முதல்முறை போலவே சாகவேண்டும். முன்னொருமுறை கண்ட பகைவனை உடல் நினைவில் வைத்திருக்கிறது. அம்மை கண்டவர்க்கு மீண்டும் அம்மை வராமைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. கிப்சனும் மெடவாரும் 1943இல் இதனை வெளியிட்டனர். அதன் பின்னர் மெடவார் ஒக்ஸ்போட்டில் முயல்களை வைத்து அதையே ஐயமற நிறுவினார். ஆனால் நிறுவப்பட்டது நற்செய்தியன்று. ஒருவர் தோல் மற்றொருவரிடம் தங்காது என்பது இயற்கையின் சட்டம் என்றாயிற்று.

இங்கேதான் இரண்டாவது மனிதர் வருகிறார். றூப்பேட் பில்லிங்ஹாம், நண்பர்கள் வாயில் 'பில்', போரின்போது கடற்படையில் இருந்துவிட்டு ஒக்ஸ்போட்டுக்குத் திரும்பி மெடவாரின் முதல் ஆராய்ச்சி மாணவரானார். கைத்திறன் மிக்கவர். ஒரு மயிரளவு பிசகினாலும் பழுதாகும் வேலையை அமைதியாகச் செய்துமுடிக்கக் கூடியவர். இவ்விருவரும் முதலிற் செய்த ஆராய்ச்சியோ முழுத் தவறாக முடிந்தது. கறுப்பும் வெள்ளையுமான கினிப்பன்றிகளின் தோலில், கறுப்புத் துண்டொன்றை வெண்தோலின் நடுவே ஒட்டினால் கருநிறம் மெல்ல மெல்ல வெளியே பரவும். கருநிறக் கலங்கள் பக்கத்திலுள்ள வெண்கலங்களுக்கு ஏதோ ஒன்றைத் தொற்றவைத்து அவற்றையும் கறுப்பாக மாற்றுகின்றன என்று இவர்கள் ஊகித்தனர். அந்த ஊகத்தில் மயங்கி ஆண்டுகளையும் செலவிட்டனர். உண்மையில் கருநிறக் கலங்கள்தாமே இடம்பெயர்ந்து செல்கின்றன. தொற்றும் இல்லை, மாற்றமும் இல்லை. பிற்காலத்தில் மெடவார் இத்தவற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அழகிய கருதுகோள் ஒன்றின்மீது கொண்ட காதலே தம்மை ஏமாற்றியது என்பது அவர் கருத்து. எனினும் வீணான அவ்வாண்டுகளில் பில்லிங்ஹாமின் கை தோலொட்டும் கலையில் தேர்ந்துவிட்டது. அது பின்னர் உதவப் போகிறது.

1947இல் மெடவார் பேமிங்காம் பல்கலைக்கழகத்தின் விலங்கியற் பேராசிரியரானார். வயது 32. பில்லிங்ஹாமும் உடன் சென்றார். அடுத்த ஆண்டு ஸ்ரொக்கோமிலே பிறப்புரிமையியலாளரின் சர்வதேச மகாநாடு நடந்தது. அங்கே ஒரு விருந்தில் ஹியூ டொனால்ட் என்னும் கால்நடை ஆராய்ச்சியாளர் மெடவாரிடம் ஓர் ஐயம் கேட்டார். பசு ஈன்ற இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவையா, இரு கருவிலிருந்து வந்தவையா என்பதை எவ்வாறு நிச்சயிப்பது? மெடவார் தயங்கவில்லை. மிக எளிது, ஒன்றின் தோலை மற்றொன்றில் ஒட்டிப் பாருங்கள், தங்கினால் ஒருகரு, உதிர்ந்தால் இருகரு, என்றார். விருந்திலே வாய்விட்டுச் சொன்னதோடு நில்லாமல், தாமே வந்து செய்துகாட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

விருந்திற் கொடுத்த வாக்கைப் பெரும்பாலோர் மறந்துவிடுவர். டொனால்ட் மறக்கவில்லை. பேமிங்காமிலிருந்து சுமார் 40 மைல் தொலைவிலுள்ள ஒரு பண்ணையில் இரட்டைக் கன்றுகள் காத்திருக்கின்றன என்று சில மாதங்களில் கடிதம் வந்தது. வேறு வழியின்றிப் பேராசிரியரும் மாணவரும் கத்தியும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போகலாயினர். எலியையும் முயலையும் ஆண்ட கைகளுக்குப் பசுவை ஆள்வது புதிது.

கிடைத்த விடை அவர்கள் நினைத்தவாறு இல்லை. ஏறக்குறைய எல்லா இரட்டையரும் ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. அப்படியானால் எல்லாமே ஒருகரு இரட்டையர் எனலாமா? முடியாது, ஏனெனில் அவற்றுள் ஒன்று காளையும் மற்றது கிடாரியுமான சோடிகளும் இருந்தன. ஆணும் பெண்ணுமாய் இருப்பவை ஒரே கருவிலிருந்து வந்திருக்க முடியாது. அதே பசுக்கள், இரட்டையல்லாத உடன்பிறப்புகளின் தோலையும் தாயின் தோலையும் வழக்கம்போல் உதறித் தள்ளின. இயற்கையின் சட்டம் என்று தாமே நிறுவிய ஒன்றைத் தொழுவத்திலே பசுக்கள் மீறிக்கொண்டிருந்தன.

விளக்கம் அச்சிலே கிடந்தது, இவர்கள்தாம் படித்திருக்கவில்லை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றே ஓவன் 1945இலேயே, இருகரு இரட்டைக் கன்றுகளின் உடலில் தம் குருதிக் கலங்களோடு மற்றதன் குருதிக் கலங்களும் வாழ்நாள் முழுவதும் கலந்திருப்பதைக் கண்டு எழுதியிருந்தார். கருப்பையிலே அவற்றின் சூல்வித்தகங்கள் இணைந்து ஒரே குருதியோட்டமாய் இருந்ததன் விளைவு அது. அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரத்து மக்பார்லேன் பேர்னெற்றும் பிராங் பென்னரும் 1949இல் வெளியிட்ட நூலொன்றிலே ஓவனின் செய்தியை எடுத்தாண்டு, தன்னுடையது எது, பிறருடையது எது என்பதை உடல் கருப்பருவத்திலேதான் கற்றுக்கொள்கிறது, அப்பருவத்தில் அந்நியக் கலம் ஒன்று புகுந்தால் அதையும் தன்னுடையதென்றே கொள்ளும், என்று ஊகித்திருந்தனர். அந்நூலைப் படித்த பின்புதான் மெடவாருக்கும் பில்லிங்ஹாமுக்கும் தம் பசுக்கள் சொல்லிய பாஷை விளங்கிற்று. பேர்னெற் தம் ஊகத்தைக் கோழிக் கருவில் சோதித்துப் பார்த்து வெற்றிபெறவில்லை. ஆகவே களம் இன்னும் திறந்தே இருந்தது.

1951இல் மெடவார் இலண்டன் யூனிவேர்சிற்றி கல்லூரிக்கு மாறினார். மூன்றாமவர் அங்கே வந்து சேர்ந்தார். அவரைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும்.

லெஸ்லி பிறென்ற் என்பது அவர் பெற்றோர் இட்ட பெயரன்று. ஜெர்மனியில் கேஸ்லின் நகரத்து யூதக் குடும்பமொன்றில் 1925இல் பிறந்த லோதார் பாறூக் அவர். நாசிகளின் கொடுமையால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கமுடியாமற்போக, பேர்லினிலுள்ள யூத அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். 1938 டிசெம்பரில் யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு ஏற்றிவந்த முதற் குழுவில் பதின்மூன்று வயதுச் சிறுவராக வந்திறங்கினார். பெற்றோரும் தமக்கையும் பின்தங்கினர். 1942இல் அம்மூவரும் கொல்லப்பட்டனர். கென்ற் மாகாணத்து அகதிப் பள்ளியொன்றிற் படித்து, பிரித்தானிய இராணுவத்திற் சேர்ந்தபோது, எதிரி கையில் அகப்பட்டால் யூதப் பெயர் ஆபத்தாகும் என்பதால் பெயரை மாற்றிக்கொண்டார். போர் முடிந்தபின் பேமிங்காமில் மெடவாரின் மாணவராகி, அவரைத் தொடர்ந்து இலண்டனுக்கு வந்து டொக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி தொடங்கினார். பிறப்பை வைத்து மனிதரைத் தன்னவர், அந்நியர் என்று பிரித்த அரசினால் துரத்தப்பட்ட ஒருவர், தன்னது, அந்நியம் என்ற வேறுபாட்டை உடல் எவ்வாறு கற்கிறது என்று ஆராயப் புகுந்தது தற்செயலே. எனக்கு அதை நினையாமல் இக்கதையைச் சொல்ல முடிவதில்லை.

மூவரும் ஒரே மேசையில் வேலைசெய்தனர் என்றே சொல்லலாம். பேராசிரியர் அறையிலிருந்து கட்டளையிட, மாணவர் எலிகளோடு மாரடிக்கும் வழக்கம் அக்குழுவில் இல்லை. ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள மெடவார், நிர்வாக வேலை எவ்வளவு இருந்தாலும் தம் கையாலேயே பரிசோதனை செய்வதை விடவில்லை. இசைநாடகப் பித்தர், பேச்சிலே மின்னல். சிலரை அந்த மின்னல் சுட்டதும் உண்டு. பில்லிங்ஹாமோ பேச்சிற் சிக்கனமும் உழைப்பில் தாராளமும் உள்ளவர்.

பரிசோதனை இதுதான். 'சி.பி.ஏ.' என்னும் கபில நிறச் சுண்டெலிக் குலத்தையும் 'ஏ' என்னும் வெள்ளைக் குலத்தையும் எடுத்தனர். இரண்டும் பல தலைமுறையாகத் தம்முள்ளேயே இனம்பெருக்கப்பட்டவை; ஒரு குலத்தின் தோல் மற்றதில் தங்காது. கருவுற்று ஏறத்தாழ இரண்டு வாரமான கபிலத் தாயெலியை மயக்கி வயிற்றைத் திறந்தனர். கருப்பைச் சுவரினூடே தெரியும் ஒவ்வொரு குஞ்சுக்கும் மிக நுண்ணிய ஊசியால் வெள்ளையெலியின் மண்ணீரல், சிறுநீரகம் முதலியவற்றின் கலங்கள் கலந்த திரவத்தில் நூற்றிலொரு மில்லிலீற்றர் செலுத்தப்பட்டது. பின்னர் வயிற்றைத் தைத்துவிட்டுக் காத்திருந்தனர். பல குஞ்சுகள் இறந்தன. கட்டுரை எடுத்துக்காட்டும் ஓர் ஈற்றில் ஐந்து குஞ்சுகள் நலமாகப் பிறந்தன. எட்டு வாரத்தின்பின் அவ்வைந்துக்கும் வெள்ளையெலித் தோல் ஒட்டப்பட்டது. பதினொராம் நாள் பார்த்தபோது இரண்டு ஒட்டுக்கள் அழிந்துகொண்டிருந்தன. மூன்று ஒட்டுக்களோ சொந்தத் தோல்போலவே உயிருடன் இருந்தன. கபில எலியின் உடலிலே வெண்மயிர் முளைத்த திட்டு ஒன்று! ஐந்துக்கு மூன்று என்பது சிறு எண்தான். ஒன்றுகூட நிகழக்கூடாத இடத்தில் மூன்று நிகழ்ந்தது.

ஒட்டிய தோல் தன் இயல்பை மாற்றிக்கொண்டதால் தங்கியதா, ஏற்ற எலி தன் இயல்பை மாற்றிக்கொண்டதால் தங்கியதா? கினிப்பன்றியில் ஏமாந்தவர்கள் இம்முறை இந்த ஐயத்தை விடவில்லை. வெண்திட்டுடன் மகிழ்ச்சியாய்த் திரிந்த எலிக்கு, வெள்ளைத் தோலை முன்னரே எதிர்த்துப் பழகிய வேறொரு கபில எலியின் நிணநீர்க்கணுக் கலங்களைச் செலுத்தினர். நெடுநாள் வாழ்ந்த வெண்திட்டு அழிந்தது. ஆகவே தோல் மாறவில்லை. அது எப்போதும் அந்நியமாகவே இருந்தது. அதை எதிர்க்காத நிலையே அந்த எலி கருவிற் கற்றுக்கொண்டது. இதற்கு இவர்கள் இட்ட பெயர் 'ஈட்டிய சகிப்பு'.

அதே ஆண்டில் பிராகா நகரத்தில் மிலான் ஹஷெக் என்னும் செக் விஞ்ஞானி, இரு கோழிக் கருக்களின் குருதியோட்டத்தை முட்டைக்குள் இணைத்து, பொரித்தபின் அவை ஒன்றையொன்று எதிர்க்காமையைக் கண்டிருந்தார். அவர் தேடியதோ அந்நாளைய சோவியத் கொள்கைக்கு ஆதாரம், கண்டது சகிப்பு. அவருக்கும் இலண்டன் குழுவினருக்கும் பின்னர் தொடர்பு ஏற்பட்டு, தாம் கண்டதன் பொருளையும் அவர் மாற்றிக்கொண்டார். இரும்புத் திரை நடுவே நின்ற காலத்தில் இது சிறு காரியமன்று.

வெற்றிக்குப் பின் தவறே வராது என்றும் இல்லை. 1956இல் இதே மூவர், எதிர்ப்பைத் தூண்டும் பொருள் கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. சார்ந்ததாயிருக்கலாம் என்று எழுதினர். அது பிழையாயிற்று; அப்பொருள்கள் கலத்தின் மேற்பரப்பில் இருப்பவை. பின்னர், பிறந்த எலிக்குஞ்சின் முகநாளத்தினூடே வளர்ந்த எலியின் நிணநீர்க் கலங்களைச் செலுத்தியபோது, சில குஞ்சுகள் வளராமல் தேய்ந்து இறந்தன. ஏற்றவரைத் தானம்பெற்ற கலங்களே திருப்பித் தாக்குகின்றன என்பதை பில்லிங்ஹாமும் பிறென்றும் விளக்கினர்; டென்மார்க்கில் சிமொன்சனும் தனியாக அதைக் கண்டார். இன்று எலும்புமச்சை மாற்றும் வைத்தியர்கள் நாளும் போராடுவது இத்தாக்குதலுடன்தான்.

பயன் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கருப்பையிலே குழந்தைக்கு ஊசியேற்றி, பிற்காலத்தில் எவருடைய சிறுநீரகம் தேவைப்படுமோ என்று முன்னறிந்து வைக்க முடியாது. அப்பரிசோதனை எந்த நோயாளிக்கும் நேரே பயன்படவில்லை. மெடவாரே இதை ஒளிக்கவில்லை. 1954 டிசெம்பரில் பொஸ்ரன் நகரில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் ஒருகரு இரட்டையரிடையே நிகழ்ந்தது. அங்கே சகிப்பு வேண்டியதில்லை. ஆயினும் உடைக்கவே முடியாதென்று நினைத்த சுவரில் வாசல் உண்டு என்று தெரிந்தபின், மருந்தினால் அவ்வாசலைத் திறக்கலாமென்று முயல்வோர்க்குத் துணிவு பிறந்தது. 1960களில் அத்தகைய மருந்துகளும் வந்தன.

1960இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு பேர்னெற்றுக்கும் மெடவாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலே பில்லிங்ஹாம், பிறென்ற், மெடவார் என்று அகரவரிசைப்படி மூன்று பெயர்கள் நிற்கின்றன. பேராசிரியர் பெயர் கடைசி. பரிசிலோ கடைசிப் பெயர் மாத்திரமே இருந்தது. பில்லிங்ஹாம் அப்போது அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்குப் போய் மூன்றாண்டு ஆகியிருந்தது. மெடவார் இருவருக்கும் கடிதம் எழுதி, பரிசு மூவருக்கும் உரியதென்று கூறித் தமக்குக் கிடைத்த பணத்தில் அவர்களுக்கும் பங்கு அனுப்பினார். ஓவனுக்கும் எழுதி, அவர் பெயர் விடுபட்டமைக்கு வருந்தினார். பரிசளிக்கும் சபையின் முடிவு இதனால் நேராகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஓவன் பெயர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் பலர் கருதுகின்றனர். நானும் அவர்களுள் ஒருவன்.

குழு அதற்கு முன்னரே கலைந்துவிட்டது. மெடவார் 1962இல் மில் ஹில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் அதிபரானார். 1969இல் பாரிசவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த பின்னும் எழுத்தையும் ஆராய்ச்சியையும் விடாமல் 1987இல் மறைந்தார். பில்லிங்ஹாம் 2002இலும், இலண்டன் சென் மேரிஸ் மருத்துவக் கல்லூரியிலே பேராசிரியராயிருந்து தம் துறையின் சரித்திரத்தைப் பெருநூலாக எழுதிய பிறென்ற் 2019இலும் காலமாயினர். 'நேச்சர்' சஞ்சிகையின் அந்த நான்கு பக்கங்களை இன்றும் நூல்நிலையங்களிற் பார்க்கலாம். இரட்டைக் கன்றுகளைப் பற்றி அதில் உரிய குறிப்பு உண்டு. ஸ்ரொக்கோம் விருந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.